பன்னிரண்டே படம்!

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய காமிரா இருக்கிறதா? ‘இல்லை’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பின்னால், பித்தளை அண்டாவுக்கும் ஓட்டை வாளிக்கும் நடுவில், தோல் உறையை மாட்டிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தாலும் இருக்கும். தூக்கி எறிய மனசு வராது. எடுத்து உபயோகிக்கத் தைரியம் வராது. அந்த ரகத்துச் சாமான் அது.

எங்கள் வீட்டில் இருந்தது என் அப்பாவுடையது. போகிக்கு ஒட்டடை அடிக்க ஏறியபோது கையில் தட்டுப்பட்டது. உறையைத் திறந்தேனோ இல்லையோ, குப்பென்று பூஞ்சை வாடை. உள்ளே, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கண்களுடன் ஒரு ‘யாஷிகா 635’ என்னை முறைத்துப் பார்த்தது.

“அதை இன்னாத்துக்கு எறக்கினே?” என்றார் அம்மா, கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு. “பதினைஞ்சு வருஷம் எங்களை நிக்க வெச்சி நிக்க வெச்சி எடுத்தாரு. ஒண்ணுலயாவது தானும் வந்து நின்னாரா?”

அம்மா சொன்னது வாஸ்தவம். எங்கள் வீட்டு ஆல்பத்தில் நான் இருக்கிறேன், தம்பி இருக்கிறான், அம்மா இருக்கிறார், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கூட இருக்கிறது. அப்பா இல்லை. யார் படம் எடுக்கிறாரோ அவர் படத்தில் இருக்க மாட்டார். அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இதே கதைதான்.

அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம், அவருடைய தொழிற்சாலை அடையாள அட்டையிலிருந்து பெரிதுபடுத்தியது. மோவாயின் மேல் பாதி ரப்பர் ஸ்டாம்பு விழுந்திருக்கும். வேறு படம் எங்களிடம் கிடையாது.

அந்தக் காமிராவுக்கு மறுபடி உயிர் கொடுப்பது என்றும், அப்பா எங்களை நிறுத்தி வைத்துப் படமெடுத்த இடங்களுக்கெல்லாம் அம்மாவையும் அதையும் அழைத்துக்கொண்டு போவது என்றும் அன்றைக்கு ஏணியின் மேலேயே தீர்மானித்தேன்.

மஞ்சள் திருகு

திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத கடையில், காமிரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் கோதுமை முனை அளவுக்குத் திருப்புளி. நாற்பது வருஷமாக இதே தொழில். பத்து வருஷம் முன்னால் கடையை மூடிவிடலாம் என்றே நினைத்தாராம். இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் தாத்தாவின் காமிராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம்.

“எல்லாம் கெடக்குது அம்மா, கத்துக்கத்தான் ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க” என்றார்.

அவர் சொன்னது பெரிய விஷயம். பழைய காமிராவைச் சேர்க்க ஆள் உண்டு. மும்பையில் திலீஷ் பாரேக் என்பவர் 4,425 காமிராக்கள் சேர்த்து 2003-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். குருகிராமில் 2019-ல் காமிராக்களுக்கென்றே ‘மியூசியோ காமிரா’ என்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் கூடப் பிலிம் காமிராவை மறுபடி செய்ய ஆரம்பித்திருக்கின்றன. பென்டாக்ஸ் 2024-ல் புதிதாக ஒன்றை வெளியிட்டது. ஆனால் பழைய ஷட்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்த விரல்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. விரல்கள் போய்விட்டால் அலமாரியில் இருக்கும் நாலாயிரமும் வெறும் பொம்மைகள்தானே?

பெரியவர் எங்கள் காமிராவைக் கையில் வாங்கினார். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். “மேல் லென்ஸில் பூஞ்சை. கண்ணாடி மங்கிப்போச்சு. ஷட்டர் ஒட்டிக்கிச்சு” என்று டாக்டர் மாதிரி மூன்று வியாதிகளைச் சொன்னார்.

இந்த யாஷிகாவின் சூட்சுமம் எளிது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. மேல் லென்ஸ் வழியாக வரும் காட்சி, உள்ளே சாய்வாக வைத்த கண்ணாடியில் பட்டுத் தலைக்கு மேலுள்ள தேய்த்த கண்ணாடியில் விழும். நாம் காமிராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். ஜெர்மனியில் 1929-ல் வந்த ரோலைபிளெக்ஸ் இந்த வகைக்கு வழிகாட்டி. அதைப் பின்பற்றி ஜப்பானில் யாஷிகா கம்பெனி 1958-ல் இந்த 635-ஐக் கொண்டுவந்தது. ஆறு சென்டிமீட்டர் அகலப் பிலிமும் போடலாம், முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமும் போடலாம் என்பதால் அந்தப் பெயர்.

“இரண்டு லென்ஸும் ஒரே இடத்தைப் பார்க்கணும் அம்மா. மேலே தெளிவாத் தெரிஞ்சு, கீழே மங்கலா விழுந்தா என்ன பிரயோஜனம்? புருஷன் பெண்டாட்டி மாதிரிதான்” என்றார் பெரியவர். அம்மா சிரித்துவிட்டார்.

முன்பக்கத்துத் தோலை மெல்ல உரித்தார். அடியில் நான்கு சின்னத் திருகுகள். மூன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். பெரியவர் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“இது ஜப்பான் திருகு இல்லே. பித்தளை. யாரோ கடைசல் பிடிச்சுப் பண்ணியிருக்காங்க. மரை சுத்தமா இருக்கு. நல்ல கை.”

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். “அவுருதான். திருகு ஒண்ணு காணாமப் போச்சுன்னு வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடினாரு. ரெண்டு நாள் கழிச்சி ஷிப்ட் முடிஞ்சி வந்து, பாக்கெட்லேருந்து எடுத்துக் காட்டினாரு. நான் எதுக்கு உதவும்னு கேட்டேன்.”

அப்பா கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் டர்னராக வேலை பார்த்தவர். பெரியவரிடம் கழற்றிப் போட்ட காமிராக்களின் அசல் திருகுகள் ஒரு டப்பி நிறைய இருந்தன. “மாத்திடட்டுமா?” என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பெரியவர் புரிந்துகொண்டு மஞ்சள் திருகைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்தார்.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. கண்ணாடியை மாற்றினார். பூஞ்சையைத் துடைத்தார். ஷட்டர் தகடுகளில் பிசினாக ஒட்டியிருந்த பழைய எண்ணெயை லைட்டர் பெட்ரோலால் கழுவினார். பிறகு மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, தூரத்தில் தெரிந்த பார்த்தசாரதி கோயில் கோபுரத்தைக் கீழ் லென்ஸ் வழியாகக் காட்டினார். கோபுரம் தலைகீழாக, ஆனால் கலசம் கலசமாகத் தெளிவாக விழுந்தது. மேல் லென்ஸிலும் அதே தெளிவு. தம்பதிகள் சமாதானமாகிவிட்டார்கள்!

ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை. படம் எடுக்கிறவரே ஓடிப் போய் நின்றுகொள்வதற்கென்று ஷட்டரில் ஒரு விசை உண்டு. அது எப்போதோ இறுகிவிட்டது. “பழைய காமிராவில் இதை முடுக்கினால் ஷட்டரே பிடிச்சுக்கும். விட்டுடுங்க. வேணும்னா இன்னொருத்தரை அமுக்கச் சொல்லுங்க” என்றார்.

அப்பா ஏன் ஒரு படத்திலும் இல்லை என்பதில் பாதிக் காரணம் எனக்கு அப்போது தெரிந்தது.

ரயிலில்

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினோம். பொருத்தமான இடம்தான். 1900-ல் திறந்த மூர் மார்க்கெட், பழைய சாமான் பிரியர்களின் சொர்க்கமாக இருந்தது. 1985 மே மாதம் தீயில் அழிந்துபோயிற்று. அந்த மண்ணின் மேல் எழுந்த கட்டடத்திலிருந்துதான் இன்றைக்குப் புறநகர் வண்டிகள் புறப்படுகின்றன.

காமிராவில் ஒரு ரோல் போட்டிருந்தேன். பன்னிரண்டே படம். கைப்பேசியில் ஒரு கல்யாணத்துக்கு நானூறு படம் எடுக்கிறோமே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ஒரு ரோலின் விலைக்கு ஒரு சுமாரான பருத்திப் புடவை வாங்கலாம். பிலிமெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

இதில் எனக்கு ஒரு தாபம் உண்டு. அப்பா வாங்கியது ஊட்டி பிலிம். 1960-ல் நிறுவி, 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், மத்திய அரசின் தொழிற்சாலை. சந்திரன் என்ற பொருளில் ‘இந்து’ என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தார்கள். தொழிற்சாலையை ஒட்டிய குடியிருப்புக்கே இந்து நகர் என்று பெயர். கலர் பிலிம் வந்தது, பிறகு பிலிமே இல்லாத காமிரா வந்தது. தொழிற்சாலை நசித்து மூடப்பட்டது. சந்திரன் தேய்ந்தது, மறுபடி வளரவில்லை.

கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று வண்டி நின்று நின்று போயிற்று. எண்ணூர் தாண்டியதும் கழிமுகமும், அதற்கப்பால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் தெரிந்தன. மீஞ்சூர் வந்ததும் வயல்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன் பெயர்களை எனக்கு முன்னால் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தப் பாதையில் முப்பது வருஷம் அவர் போய் வந்திருக்கிறார், தாய்வீடு பொன்னேரிக்கும் புருஷன் வீடு கும்மிடிப்பூண்டிக்குமாக.

“இன்னிக்கு நீயும் ஒரு படம் எடுக்கணும் அம்மா” என்றேன்.

“எனக்கு இன்னாத்துக்குடி? அவுரு இருந்தப்ப தொடவே விட்டதில்லே. ‘கீழே போட்டுடுவே’ம்பாரு.”

அதற்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன். ஜூலியா மார்கரெட் காமரூன் கதையைச் சொன்னேன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. 48 வயது வரை காமிராவைக் கையால் தொட்டதில்லை. 1863-ல் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள், பொழுது போகட்டும் என்று. கோழிக் கூண்டைக் காலி செய்துவிட்டு அதில் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார்! உலகத்துப் பெரிய படக்கலைஞர்களில் ஒருவராகிவிட்டார். 1875-ல் இலங்கைக்கு வந்து, அங்கே காப்பித் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879-ல் அங்கேயே காலமானார்.

“கோழியெல்லாம் எங்கே போச்சு?” என்று கேட்டார் அம்மா.

நம் நாட்டு ஹோமாய் வியாரவாலாவையும் சொன்னேன். 1913-ல் பிறந்தவர்; இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படக்காரர். புடவை கட்டிக்கொண்டு, கனமான காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, டில்லியில் நேருவையும் மவுண்ட்பேட்டனையும் எடுத்தவர். அவரும் இரட்டை லென்ஸ் ரோலைபிளெக்ஸ் வைத்திருந்தார்.

“அவங்க படிச்சவங்க” என்றார் அம்மா. ஆனால் கவரப்பேட்டை தாண்டியபோது, “அதுல எதை அமுக்கணும்?” என்று தானாகவே கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

சங்கு ஊதும் ஊர்

கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. மின்சார வண்டிகளில் பலவற்றுக்கு இதுவே கடைசி ஸ்டேஷன். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி இழுக்கும் ஆலைகள், வார்ப்படச் சாலைகள். கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாது. காட்சிக்காக யாரும் இந்த ஊருக்கு வருவதில்லை.

ஆனால் அப்பாவின் காமிராவுக்கு இதுதான் காட்சி. 1990-ல் பொன்னேரி ஸ்டூடியோக்காரர் ஒருவர், கலருக்கு மாறியபோது இதை விற்றார். அப்பா போனஸ் பணத்தில் வாங்கினார். ‘பிரிட்ஜ் வாங்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு’ என்பது அம்மாவின் நிரந்தரப் புகார்.

நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டியிருக்கிறார்கள். முன்னால் இருந்த வேப்ப மரம் மட்டும் பாக்கி. அதுவே என் முதல் படம்.

வெளிச்சத்தை அளக்கும் கருவி இந்தக் காமிராவில் கிடையாது. பெரியவர் ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருந்தார்: நல்ல வெயிலில் துவாரத்தைப் பதினாறில் வை, பிலிமின் வேகம் நானூறு என்றால் ஷட்டரை ஐந்நூறில் ஒன்றில் வை. மேகம் போட்டால் துவாரத்தை ஒரு படி திற. நிழலென்றால் மூன்று படி. சமையலில் கண்ணளவு, கையளவு என்கிறோமே, அதே கதைதான். இரண்டு படம் போனதும் கை பழகிவிட்டது.

தொழிற்சாலை வாசலில் காவலாளி, “படமெல்லாம் எடுக்கக் கூடாதும்மா” என்றார். நியாயம்தான். எதிர்ச்சாரியில் டீக்கடை. அங்கே நின்று, ஷிப்ட் விட்டு வெளியே வருகிறவர்களை எடுத்தேன். நீலச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு, முகத்தில் கரி. அந்தக் காலத்தில் சைக்கிள்கள் வரும். இப்போது மோட்டார் சைக்கிள்கள். வடநாட்டுப் பையன்கள் நிறையப் பேர்.

அம்மா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் காமிராவை எட்டிப் பார்த்துவிட்டு, “இது இன்னாம்மா, ரெண்டு கண்ணு? பழைய சாமானா? எவ்ளோ போவும்?” என்றார்.

“விக்கறதுக்கு இல்லேப்பா” என்றார் அம்மா. அம்மா சொன்னார், நான் இல்லை.

பழவேற்காடு

அப்பாவுக்கு லீவு கிடைத்தால் பழவேற்காடுதான். அதே வழியில் நாங்களும் பொன்னேரிக்கு ரயிலில் திரும்பி, பஸ் பிடித்தோம். பொன்னேரியில் அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. அதையும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும் பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்று கோட்டை கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் இதுதான். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகள்!

“வர்றவங்களை வான்னு கூப்பிடற லட்சணமா இது?” என்றார் அம்மா. அதே வாசலில், நான் ஆறு வயசில் எலும்புக்கூட்டைக் கண்டு வீறிட்டு அழுகிற படம் ஆல்பத்தில் இருக்கிறது.

எலும்புக்கூட்டை எடுத்த கையோடு ஒரு தவறு செய்தேன். இந்தக் காமிராவில் பிலிமை ஒரு திருகினால் நகர்த்த வேண்டும். ஷட்டரை ஒரு நெம்புகோலால் தனியாக முடுக்க வேண்டும். பிலிமை நகர்த்த மறந்தாலும் அது ஆட்சேபிக்காது. ஊரில் முஸ்லிம் பெண்மணிகள் பனை ஓலையில் அழகழகான கூடைகள் முடைகிறார்கள். அவர்களில் ஒருவரை நயமாகக் கேட்டு உட்கார வைத்துப் படமெடுத்தேன், பிலிமை நகர்த்தாமல். கழுவிப் பார்த்தபோது பழவேற்காட்டு எலும்புக்கூடு ஒன்று வெகு சிரத்தையாகக் கூடை முடைந்துகொண்டிருந்தது! நல்ல வேளையாக, அங்கேயே சந்தேகம் தட்டி அந்தப் பெண்மணியை மறுபடி ஒரு படம் எடுத்துவிட்டேன்.

அவர், “நீங்க குனிஞ்சுதானே பாக்கறீங்க? அப்ப எனக்குக் கூச்சமா இல்லே” என்றார். யோசித்துப் பார்த்தேன். கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டுகிறோம். இந்தக் காமிராவைப் பிடித்தால் எதிரில் இருப்பவருக்குத் தலை வணங்கியாக வேண்டும். ஒருவேளை அதனால்தான் அப்பா எடுத்த படங்களில் எல்லாரும் இயல்பாக இருக்கிறார்களோ என்னவோ.

துறையில் படகுகள், தூரத்தில் வெள்ளைக் கோடாகப் பூநாரைகள். இடுப்பளவு நீரில் குனிந்து, கையாலேயே இறால் தடவிப் பிடித்து, பல்லில் கடித்த கூடையில் போடும் பெண்கள். ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ‘இது ஒரு படத்துக்குத் தாங்குமா?’ என்று கேட்டுக்கொண்டேன். பல இடங்களில் தாங்காது என்று தோன்றி, எடுக்காமல் நின்று வெறுமனே பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள். எடுக்காத காட்சிகள்தான் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன.

சாயங்காலம் பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கக் குப்பத்துக்குப் போனோம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். கடலோரமாக அம்மாவை நிறுத்திப் பதினோராவது படம் எடுத்தேன். பாக்கி ஒன்று.

காமிராவைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் மாட்டினேன். “சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும் அம்மா. குனிஞ்சு பாரு. நான் இடப்பக்கம் நகர்ந்தா அதுல வலப்பக்கம் போவேன். பயப்படாதே.”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். குனிந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. நான் அலையில் நின்றபடி காத்திருந்தேன். “கிட்ட வா... தள்ளிப் போ... சிரிக்காதே, இயற்கையா இரு” என்று அதட்டல் வேறு. அச்சாக அப்பாவின் குரல்! பிறகு ‘கிளிக்’. இத்தனை பெரிய காமிராவுக்கு இவ்வளவு சின்னச் சத்தம்.

“அவ்ளோதானா?” என்றார் அம்மா. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது படம்

பிலிமைக் கழுவித் தருகிறவர்கள் இப்போது சொற்பம். பத்து நாள் காத்திருந்தோம். பரீட்சை முடிவுக்குக் கூட அம்மா இப்படிக் காத்திருந்ததில்லை.

அம்மா எடுத்த படம் சற்றே சாய்ந்திருந்தது. கடல் ஒரு பக்கமாக வழிந்துவிடும் போல் இருந்தது. நான் இருந்தேன். என் காலடி வரைக்கும் மணலில் நீளமாக ஒரு நிழல். குனிந்த தலை, இரு பக்கமும் புடைத்து நிற்கும் முழங்கைகள், வயிற்றருகே காமிரா. அம்மாவின் நிழல்.

“அடடா, நிழல் விழுந்துடுச்சே! கெட்டுப் போச்சா?” என்றார் அம்மா.

நான் பதில் சொல்லவில்லை. அந்த நிழலை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எழுந்து போய் ஆல்பத்தை எடுத்து வந்தேன். ஒவ்வொரு பக்கமாக, முகங்களை விட்டுவிட்டு, படத்தின் கீழ் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

இருந்தது. 1994 பொங்கல் விடுமுறை; அதே கடற்கரை. இடுப்பில் தம்பியுடன் அம்மா. பக்கத்தில் கோணல் ரிப்பனுடன் நான். கீழே மணலில் ஒரு நிழல். குனிந்த தலை, புடைத்த முழங்கைகள். வேப்ப மரத்தடிப் படத்திலும் இருந்தது. எலும்புக்கூட்டு வாசலிலும் என் அழுகைக்கு முன்னால் பாதி நிழல். முப்பது வருஷம் அந்த ஆல்பத்தைப் புரட்டியிருக்கிறோம். முகங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், எங்கள் காலடியில் நின்றவரைக் கவனிக்கவே இல்லை.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடற்கரைப் படத்தை ஜன்னலோரம் எடுத்துப் போனார். வெகு நேரம் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தபோது, “பாரு, இங்கேயும் முழங்கையைத் தூக்கிக்கினுதான் நிக்கறாரு” என்றார்.

அந்த இரண்டு படங்களும் இப்போது எங்கள் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ரப்பர் ஸ்டாம்பு படத்தையும் அம்மா எடுக்கவில்லை. அது பாட்டுக்கு மாலையோடு இருக்கிறது.

பரணில் காமிரா வைத்திருக்கும் சகோதரிகளுக்குப் பெரியவர் சொல்லி அனுப்பிய நாலு வார்த்தை: தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள்; தோல் ஈரத்தை இழுக்கும், பூஞ்சை பிடிக்கும். நாப்தலின் உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி லென்ஸில் படியும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். ஷட்டரை முடுக்கிய நிலையில் விடாதீர்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, ஒவ்வொரு வேகத்திலும் நாலு தடவை தட்டுங்கள். சும்மா கிடந்தால் மனுஷனுக்கே கை கால் பிடித்துக்கொள்கிறது, காமிராவுக்குப் பிடிக்காதா?

எங்கள் வீட்டில் அந்த மாதாந்தர வேலையை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார். முதல் தேதியன்று, பால் கணக்குப் பார்த்து முடித்ததும், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, “பிலிம் ஒண்ணு வாங்கியா. சித்திரையில பொன்னேரிக்குப் போறேன், எங்க அக்காவை எடுக்கணும். அவ படமும் ஒண்ணும் ஒழுங்கா இல்லே” என்றார்.

புடவை விலை ஆகுமே என்று நினைவூட்டினேன்.

“புடவை இருக்குதுடி நிறைய” என்றார் அம்மா.